விலாசப் பதிவேடும் தானே திரளும் பட்டியலும்

நமது சங்கங்கள் அங்கத்தினர்களுக்கு ஆண்டில் பல முறை செய்தி அனுப்புகின்றன. பொதுச் சபை கூடும் நாள், நூல் வழங்கும் நாள், கூலிப் பட்டுவாடா, விதையும் உரமும் வந்து இறங்கிய விவரம், பயிர்க் கடனின் தவணை நாள் ஆகிய இவையெல்லாம் உரியவர்களுக்கு உரிய காலத்தில் தெரிய வேண்டியவை. முன்னாளில் தண்டோரா போட்டும், சங்கக் கட்டடத்தின் பலகையில் ஒட்டியும், தபால் அட்டை எழுதியும் இவ்வேலையை நடத்தினர். இன்று பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே இது நடைபெறுகிறது.

செய்தி கிடைக்காமற் போவதால் அங்கத்தினருக்கு நேரும் நஷ்டம் சிறிதன்று. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற பயிர்க் கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோர் வட்டி செலுத்த வேண்டுவதில்லை. தவணை தவறியவர் அச்சலுகையை இழக்கிறார். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்வது, 2020ஆம் ஆண்டுக் காரிப் பருவம் முதல் கடன் பெற்ற விவசாயிக்கும் விருப்பத்திற்கு உரியதாக்கப்பட்டது. அப்பொழுது, சேர விரும்பாத கடன்தாரர் கடைசி நாளுக்கு ஏழு நாட்களுக்கு முன்னதாகவே அதனை எழுதிக் கொடுத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இத்தகைய நாட்கள் ஒரு முறை கடந்துவிட்டால் மீண்டும் வருவதில்லை.

ஆதலின் யாருக்குச் செய்தி செல்ல வேண்டும் என்னும் பட்டியலைத் தயாரிப்பது சங்கத்தின் முக்கியமான அலுவல்களுள் ஒன்றாகும். இவ்வேலையைக் கணினியே தானாகச் செய்யும்படி அமைப்பது எவ்வாறு, அவ்வாறு அமைத்தபின் நாம் கவனிக்க வேண்டுவது யாது என்பவை இம்மாதப் பாடம்.

1. பெயர்ப் பட்டியலும் விதிப் பட்டியலும்

பட்டியல் தயாரிக்க இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, காரியதரிசி பதிவேட்டைப் புரட்டி, நெசவாளர் யார், விவசாயி யார் என்று பார்த்துப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுதுவது. இதனைப் பெயர்ப் பட்டியல் எனலாம். புதிய அங்கத்தினர் சேர்ந்தாலும், ஒருவர் விலகினாலும், கைப்பேசி எண் மாறினாலும், இப்பட்டியலையும் தேடி எடுத்துத் திருத்த வேண்டும். ஐந்து பட்டியல் இருந்தால் ஐந்திலும் திருத்த வேண்டும். ஒன்றில் மறந்துவிடுவது இயல்பு.

மற்றொன்று, பெயர்களை எழுதாமல் நிபந்தனையை மட்டும் எழுதி வைப்பது. “தொழில் என்னும் பத்தியில் நெசவு என்றும், நிலை என்னும் பத்தியில் நடப்பு என்றும் உள்ளவர்களைக் காட்டு” என்று கணினிக்கு ஒரு முறை சொல்லி வைத்தால், அது பதிவேட்டைப் பார்த்து அவ்வப்பொழுது பட்டியலைத் தானே திரட்டித் தரும். இதற்கு வினவல் என்று பெயர். பதிவேட்டில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அதனை நம்பி நிற்கும் எல்லாப் பட்டியல்களும் உடனுக்குடன் மாறும்.

இம்முறை புதியதன்று. செய்திகளை வரிகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாக வைத்து, அவற்றினின்றும் வேண்டியதைக் கேட்டுப் பெறலாம் என்னும் கொள்கையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பவர் 1970இல் வெளியிட்டார். அந்நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974இல் அதற்கென ஒரு வினவல் மொழியை வகுத்தனர். இன்று வங்கிகளிலும் ரயில்வே முன்பதிவிலும் நடைபெறும் வேலைகளுக்கு இதுவே அடிப்படை. நமது பேரேடும் வரிகளும் பத்திகளும் கொண்டதேயாகையால், கூட்டுறவாளர்களுக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டுவதில்லை.

2. மேகப் பதிவேடு என்பது

மேகக் கணினி என்பது வானத்தில் உள்ள ஒன்றன்று. வேறோரிடத்தில் பெரிய கட்டடங்களில் வைத்துள்ள கணினிகளில் நமது பதிவேட்டை வைத்து, இணையத்தின் வழியாக அதனைத் திறந்து பார்ப்பதற்கே இப்பெயர். சங்க அலுவலகத்திலும், விற்பனை நிலையத்திலும், நெல் கொள்முதல் இடத்திலும் ஒரே பதிவேட்டை ஒரே சமயத்தில் திறக்கலாம். அலுவலகக் கணினி பழுதானாலும் பதிவேடு அழியாது.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பொறுத்தவரை, 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் அங்கீகரித்தது. கடன் கணக்குகள் அதற்குரிய மென்பொருளில் நடைபெறும். எனினும், செய்தி அனுப்புவதற்கான விலாசப் பதிவேட்டைச் சங்கங்கள் தனியாகவே வைத்துக்கொள்வது உண்டு. நெசவாளர் சங்கங்களிலும் அப்படியே. இதற்குக் கூகுள் ஷீட்ஸ் போன்ற எளிய அட்டவணை மென்பொருளே போதும். நாம் கீழே கூறுவது அதனையொட்டியதாகும்.

3. பத்திகளை அமைத்தல்

பாவு சரியாக ஓடியிருந்தால்தான் துணி சரியாக வரும். பதிவேட்டிற்குப் பத்திகளே பாவு. ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஒரு வரி. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பத்தி. குறைந்தபட்சம் பின்வரும் பத்திகள் வேண்டும்: அங்கத்தினர் எண், பெயர், ஊர், தொழில், நிலை, கைப்பேசி எண், செய்தி பெறும் வழி, கடன் தவணை நாள், விவரம் சரிபார்த்த நாள்.

நிலை என்னும் பத்தியில் நடப்பு, விலகியவர், காலமானவர் என்னும் மூன்றனுள் ஒன்றே இருத்தல் வேண்டும். தொழில் என்னும் பத்தியில் நெசவு, விவசாயம், இரண்டும் என்னும் மூன்றனுள் ஒன்றே இருத்தல் வேண்டும். இவற்றைக் கையால் தட்டெழுத விடாமல், கீழே விரியும் பட்டியலிலிருந்து பொறுக்கி எடுக்கும்படி அமைத்து, வேறு சொல்லை ஏற்க மறுக்கும்படியும் செய்யலாம். இவ்வொரு ஏற்பாடு பாதித் தொல்லையைத் தவிர்க்கும்.

ஒரு பத்தியில் இரண்டு செய்திகளை எழுதுதல் கூடாது. ஊர்ப் பத்தியில் “மேட்டுத் தெரு, மகன் வீட்டில்” என்று எழுதினால் மனிதர் புரிந்துகொள்வர். கணினி அதனை ஒரு புதிய ஊராகக் கொள்ளும். குறிப்புகளுக்கென்று தனிப் பத்தி ஒன்றை ஒதுக்குக.

4. விதியை எழுதுதல்

பதிவேடு ஒரு தாளில் இருக்க, அதே கோப்பில் மற்றொரு தாளைத் திறந்துகொள்க. அதன் முதற் கட்டத்தில் சமக்குறி இட்டு, ஃபில்டர் என்னும் கட்டளையை எழுதி, அடைப்புக்குறிக்குள் முதலில் பதிவேட்டின் பரப்பையும், காற்புள்ளி இட்டு அதன்பின் நிபந்தனைகளையும் எழுதுக. நிபந்தனைகள் காற்புள்ளியால் பிரிந்து நின்றால் அவை எல்லாம் நிறைவேறிய வரிகளே வரும். இஃது “மற்றும்” என்பதற்குச் சமம். இரண்டனுள் ஒன்று நிறைவேறினால் போதும் என்னும் “அல்லது” வேண்டுமாயின், அவ்விரு நிபந்தனைகளையும் தனித்தனி அடைப்புக்குறிக்குள் இட்டு, இடையே கூட்டற்குறி இடுதல் வேண்டும்.

நூல் வழங்கும் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். வேண்டப்படுவோர், தொழில் “நெசவு” அல்லது “இரண்டும்” என்று இருப்பவர். அத்துடன் நிலை “நடப்பு” என்று இருப்பவர். இங்கே அடைப்புக்குறியை இடம் அறிந்து இடுதல் வேண்டும். வினவல் மொழிகளில் பெரும்பாலும் “மற்றும்” என்பதே முதலில் கணக்கிடப்படும். அடைப்புக்குறி இல்லாமல் “நெசவு, அல்லது இரண்டும் மற்றும் நடப்பு” என எழுதினால், கணினி “நடப்பு” என்னும் நிபந்தனையை “இரண்டும்” என்பவரோடு மட்டும் சேர்த்துக்கொண்டு, விலகிய நெசவாளர்களையும் காலமான நெசவாளர்களையும் பட்டியலில் சேர்த்துவிடும். காலமானவர் பெயருக்கு நூல் வாங்க வரும்படி செய்தி சென்றால், அவ்வீட்டார் மனம் எவ்வளவு வருந்தும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தவணைப் பட்டியலுக்கு நாளை எழுத வேண்டுவதில்லை. “தவணை நாள் இன்றைக்கு முற்படாதது, இன்றிலிருந்து 30 நாட்களுக்கு மேற்படாதது” என்று எழுதலாம். இன்று என்பதற்கு டுடே என்னும் கட்டளை உண்டு. பொழுது விடியுந்தோறும் பட்டியல் ஒரு நாள் முன்னோக்கி நகர்ந்துகொண்டே செல்லும்.

5. விடுபட்டோர் கணக்கு

இனிக் கூறுவதே இப்பாடத்தின் முதன்மையான பகுதி. வினவல் ஒரு சல்லடை. சல்லடையின் மேல் நின்றதை மட்டுமே பட்டியல் நமக்குக் காட்டும். கீழே விழுந்தது யாது என்பதை அது தானாகச் சொல்வதில்லை. பட்டியலில் தவறாகச் சேர்ந்தவர் “எனக்கு ஏன் இச்செய்தி?” என்று கேட்பார், பிழை உடனே வெளிப்படும். பட்டியலில் விடுபட்டவரோ கேட்பதற்கில்லை. செய்தி என ஒன்று புறப்பட்டதே அவருக்குத் தெரியாது. ஆதலின் விடுபடும் பிழை ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கக் கூடும்.

ஓர் உதாரணம் காண்போம். நடப்பு அங்கத்தினர் 400 பேர் உள்ள ஒரு சங்கத்தை எண்ணிக்கொள்க. பழைய பதிவேட்டிலிருந்து அப்படியே கணினியில் ஏற்றியபோது தொழில் பத்தி பின்வருமாறு அமைந்தது:

நெசவு: 210
விவசாயம்: 148
இரண்டும்: 22
“தறி”, “கைத்தறி” எனப் பலவாறு எழுதப்பட்டவை: 9
ஒன்றும் எழுதாமல் விடப்பட்டவை: 11
ஆக மொத்தம்: 400

காரியதரிசி இரண்டு பட்டியல்கள் அமைத்தார். ஒன்றின் விதி “தொழில் நெசவு”; மற்றதன் விதி “தொழில் விவசாயம்”. முதற் பட்டியலில் 210 பேரும், இரண்டாவதில் 148 பேரும் வந்தனர். பட்டியல்கள் ஒழுங்காகவே தோன்றின. கணினியும் பிழை என்று ஒன்றும் காட்டவில்லை. ஆனால் இரண்டையும் கூட்டினால் 358. மொத்தத்தில் இது 42 குறைவு. இந்த 42 பேருக்கும் நூல் வழங்கும் செய்தியும் செல்லாது. தவணைச் செய்தியும் செல்லாது. சங்கத்தின் புத்தகத்தில் அவர்கள் அங்கத்தினர். செய்தி அனுப்பும் வேளையில் அவர்கள் இல்லாதவர்.

பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் இவ்வாறு விடுபட்டதைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் போதும். வரவு பக்கமும் செலவு பக்கமும் ஒத்துப்போகாமல் எந்தக் காரியதரிசியும் கணக்கை மூடுவதில்லை. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் நாட்டுப் பழமொழி. பணத்திற்கு உள்ள இக்கட்டுப்பாட்டை மனிதர்களின் பட்டியலுக்கும் வைத்தல் வேண்டும்.

இதற்குச் செய்ய வேண்டுவது இரண்டு. முதலாவது, ஒவ்வொரு பட்டியல் தொகுதிக்கும் எதிர்ப் பட்டியல் ஒன்று அமைத்தல். “எந்தப் பட்டியலிலும் அங்கத்தினர் எண் காணப்படாதவர்களைக் காட்டு” என்பதே அதன் விதி. ஓர் எண் ஒரு பட்டியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தரும் கவுண்ட்இஃப் என்னும் கட்டளை உள்ளது. எல்லாப் பட்டியலிலும் அவ்வெண்ணிக்கை பூஜ்யமாக உள்ள வரிகளே எதிர்ப் பட்டியல். இரண்டாவது, தாளின் தலைப்பில் ஒரு கட்டத்தை ஒதுக்கி, மொத்த அங்கத்தினர் எண்ணிக்கையிலிருந்து பட்டியலில் உள்ளோர் எண்ணிக்கையைக் கழித்து எழுதும்படி செய்தல். பூஜ்யம் அல்லாத எண் வந்தால் அக்கட்டம் சிவப்பு நிறம் பெறும்படி அமைக்கலாம்.

நமது உதாரணத்தில் எழுத்தர் அந்த 42 பேரின் விவரத்தையும் வீடு சென்று விசாரித்தார் எனக் கொள்வோம். பலவாறு எழுதப்பட்ட 9 பேரும் நெசவாளரே. ஒன்றும் எழுதாத 11 பேரில் 6 பேர் நெசவு, 4 பேர் விவசாயம், ஒருவர் இரண்டும். திருத்தியபின் நெசவு 225, விவசாயம் 152, இரண்டும் 23; மொத்தம் 400. நெசவு அறிவிப்புக்கு 225உம் 23உம் சேர்ந்து 248 பேர். முன்பு 210 பேருக்கே சென்றது. விவசாய அறிவிப்புக்கு 152உம் 23உம் சேர்ந்து 175 பேர். முன்பு 148 பேருக்கே சென்றது. இரண்டு தொழிலும் உடைய 23 பேர் இரு பட்டியலிலும் வருவதால், கூட்டிச் சரிபார்க்கும்போது அவர்களை ஒரு முறை கழித்துக்கொள்ள வேண்டும். 248உம் 175உம் கூட்டினால் 423. அதில் 23 போக 400.

விடுபடுவோர் யார் என்பதையும் சிந்திக்க வேண்டும். விவரம் குறைவாக எழுதப்பட்டவர்களே விடுபடுவர். கணவர் காலமானபின் பங்கைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட பெண்கள், சொந்தக் கைப்பேசி இல்லாத முதியோர், வேலை தேடி வெளியூர் சென்று திரும்பியோர் ஆகியோருக்கே பதிவேட்டில் வெற்றிடம் மிகுதியாக நேர இடமுண்டு. சங்கத்தின் உதவி மிகவும் வேண்டப்படுபவர் இவர்களே.

6. கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

பதிவேடு பார்வைக்குச் சரியாக இருந்தும் விதி தவறிப்போகும் இடங்கள் சில உள்ளன.

நாள் பற்றிய பிழை: மென்பொருளின் தேச அமைப்பு அமெரிக்காவாக இருந்தால், 5-4-2026 என்று நாம் எழுதும் ஏப்ரல் 5ஆம் தேதியை அது மே 4 என்று கொள்ளும். அந்நாட்டில் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவது வழக்கம். தவணை கழிந்தபின் நினைவூட்டல் செல்லும் விபரீதம் இதனால் நேரும். 31-3-2026 என்று எழுதினால் 31ஆம் மாதம் இல்லாமையால் அதனை நாளாகவே கொள்ளாமல் வெறும் எழுத்தாகக் கொள்ளும். அவ்வங்கத்தினர் தவணைப் பட்டியலில் வரவேமாட்டார். பதிவேட்டைத் தொடங்கும்போதே அமைப்புகள் பகுதியில் தேசத்தை இந்தியா என்று மாற்றிவிடுக.

எழுத்துப் பற்றிய பிழை: சொல்லின் இறுதியில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தால் அது வேறு சொல்லாகும். தமிழுக்கே உரிய நுட்பம் ஒன்றும் உண்டு. கொடுமுடி என்னும் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியீடாகவும் பதிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்புநோக்கும் முன் இவற்றை ஒருபடித்தாக்கிக்கொள்ளாத மென்பொருளுக்கு இரண்டும் வெவ்வேறு ஊர்கள். ஊர்ப் பெயரையும் தட்டெழுதாமல் பொறுக்கி எடுக்கும்படி அமைப்பதே பரிகாரம்.

எண்ணும் எழுத்தும் கலந்த பிழை: ஷீட்ஸில் குவெரி என்னும் மற்றொரு கட்டளை உண்டு. ஒரு பத்தியில் பெரும்பாலானவை எண்களாகவும் சில எழுத்துக்களாகவும் இருந்தால், அது பெரும்பான்மையை ஏற்று, சிறுபான்மையை வெற்றிடமாகக் கொள்ளும். அங்கத்தினர் எண் 26, 27, 28 என்று செல்லும் பதிவேட்டில், வாரிசுகளுக்குப் பங்கு பிரித்தபோது 27அ, 27ஆ என்று எழுதியிருந்தால், அவ்விரு எண்களும் அக்கட்டளைக்குத் தெரியமாட்டா. எண்களைக் கூட்டிக் கழிக்க வேண்டாத பத்தி முழுவதையும் எழுத்து வடிவாக முன்னரே குறித்துவிடுதல் நலம். கைப்பேசி எண்ணையும் அவ்வாறே எழுத்தாக வைத்து, பத்து இலக்கங்கள் உள்ளனவா என்று சோதிக்கும் கட்டம் ஒன்றை அருகில் வைக்கலாம்.

பரப்புப் பற்றிய பிழை: விதியில் பதிவேட்டின் பரப்பை 400ஆவது வரி வரை என்று எழுதிவிட்டால், கீழே 401ஆவது வரியில் சேரும் புதிய அங்கத்தினர் எந்நாளும் பட்டியலில் வாரார். பரப்பின் முடிவைக் குறிக்காமல் பத்தி முழுவதையும் கொள்ளும்படி எழுதுக.

7. ஒன்றியங்களின் பெரிய பதிவேடு

பல சங்கங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஒன்றியங்களும் மத்திய சங்கங்களும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் போன்ற அமைப்பை வைத்திருத்தல் கூடும். அதிலும் இதே கொள்கைதான். விலாசப் பதிவேட்டில் வெளியார் ஒவ்வொருவரையும் தொடர்பு விலாசமாகப் பதிந்து, நிறுவனம், பிரிவு, மாநிலம் முதலிய பத்திகளை நிரப்பி, அவற்றின்மேல் விதி எழுதினால், அவ்விதிக்குப் பொருந்துவோர் அனைவருக்கும் ஒரே விலாசத்தின் மூலம் மடல் செல்லும். நாமே பொருள் வகுத்துக்கொள்ளத்தக்க பதினைந்து தனிப் பத்திகளும் அங்கு உண்டு. நெசவாளர் சங்கம், விவசாயச் சங்கம் என்னும் பாகுபாட்டை அவற்றுள் ஒன்றில் எழுதலாம்.

இங்கே இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, அந்நிறுவனத்தின் என்ட்ரா என்னும் அமைப்பில் உள்ள தானியங்கிக் குழுக்கள், கணக்கு உடைய பயனர்களையும் கருவிகளையும் மட்டுமே சேர்த்துக்கொள்ளும். தொடர்பு விலாசமாக மட்டும் பதியப்பட்ட வெளியாரைச் சேர்த்துக்கொள்ளமாட்டா. வெளியாருக்கு எக்ஸ்சேஞ்சின் தானியங்கி மடல் பட்டியலே பொருந்தும். இரண்டாவது, அப்பட்டியலின் அங்கத்தினர் கணக்கு 24 மணி நேரத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். காலையில் பதிந்த சங்கத்துக்கு அன்று மாலை செல்லும் மடல் கிடைக்கும் என்று உறுதி கொள்வதற்கில்லை. அவசரச் சுற்றறிக்கையாயின் புதியவருக்குத் தனியாக அனுப்புக. வாரந்தோறும் பொருந்துவோர் எண்ணிக்கையை எடுத்து, பதிவேட்டின் மொத்தத்தோடு ஒத்துப்பார்க்கும் கடமை இங்கும் உண்டு.

8. செய்தி சென்று சேர்தல்

பட்டியல் சரியாக இருப்பதனால் மட்டும் செய்தி சேர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. வாட்ஸ்அப்பில் ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆயினும் சங்கத்தின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்க்கே அச்செய்தி செல்லும். மற்றவர்க்குச் செல்லாது. இது இரண்டாவது சல்லடை. அங்கத்தினர் அனைவரும் சங்கத்தின் எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி பொதுச் சபையிலேயே செய்யலாம்.

கைப்பேசி எண் நிலையானதன்று. உபயோகத்திலிருந்து நீக்கப்பட்ட எண்ணை 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஏற்பாடு. ஆகவே பழைய எண்ணுக்கு அனுப்பும் கடன் செய்தி அந்நியர் கையில் சேரக் கூடும். செய்தியில் கடன் தொகையை எழுதாமல், தவணை நாள் நெருங்குவதை மட்டும் எழுதுதல் தகும். சரிபார்த்த நாள் என்னும் பத்தி இதற்காகவே உள்ளது. “ஓராண்டுக்கு மேல் சரிபார்க்கப்படாதவர்” என்று ஒரு விதி எழுதி, அப்பட்டியலை மாதம் சிலராக விசாரித்து முடிக்கலாம்.

கைப்பேசி இல்லாத அங்கத்தினரை வினவல் கைவிடலாகாது. செய்தி பெறும் வழி என்னும் பத்தியில் தபால் அல்லது நேரில் என்று குறித்து, அவர்களுக்கென்று தனிப் பட்டியல் திரளும்படி செய்க. ஒவ்வோர் அறிவிப்பின்போதும் அதனை அச்சிட்டு, எழுத்தர் நேரில் தெரிவித்துக் கையொப்பம் பெறுதல் வேண்டும். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் தொடங்கிய சங்கம், ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் முறையைக் கூட்டுறவுக்கு நிலைநாட்டியது. கூட்டம் நடக்கும் நாளே தெரியாத அங்கத்தினருக்கு அவ்வாக்கினால் பயனில்லை.

9. பொறுப்பும் பாதுகாப்பும்

பதிவேட்டுக் கணக்கு சங்கத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். காரியதரிசியின் சொந்தக் கணக்கில் இருந்தால், அவர் மாறிச் செல்லும்போது பதிவேடும் அவருடன் சென்றுவிடும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சோதனை ஒன்றும் அமைத்தல் அவசியம். திருத்தும் உரிமை இருவருக்குப் போதும். மற்றவர்க்குப் பார்க்கும் உரிமை மட்டும் தருக. “இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்” என்னும் அமைப்பைத் தொடவே கூடாது. ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் இவ்விலாசப் பதிவேட்டில் சேர்க்க வேண்டுவதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்தும், எந்த நோக்கத்திற்காக விவரம் பெறப்பட்டதோ அதற்கே அதனைப் பயன்படுத்த வேண்டும் என்பதாகும்.

விதிகளை விதிப் புத்தகம் ஒன்றில் எளிய தமிழில் எழுதி வைக்க வேண்டும். பட்டியலின் பெயர், யாரைச் சேர்க்கும், யாரை விடும், எழுதிய நாள், எழுதியவர், சரிபார்த்த நிர்வாக சபை அங்கத்தினர் ஆகிய விவரங்கள் அதில் இருக்கட்டும். விதியை மாற்றினால் புதிய பக்கத்தில் எழுதுக. பதிவேட்டில் யார் எப்பொழுது யாது மாற்றினார் என்னும் வரலாற்றை ஷீட்ஸ் தானே வைத்திருக்கும். தணிக்கையின்போது அது உதவும். மாதந்தோறும் நிர்வாக சபைக் கூட்டத்தில் வரவு செலவோடு மூன்று எண்களையும் வாசிக்கலாம்: மொத்த அங்கத்தினர் இத்தனை பேர், பட்டியலில் வந்தோர் இத்தனை பேர், விடுபட்டோர் இத்தனை பேர். மூன்றாவது எண் பூஜ்யமாகும் வரை அது தீர்மானப் புத்தகத்தில் நிலுவையாகவே இருக்கட்டும்.

படிப்பு வட்டங்களுக்குப் பயிற்சி

1. உங்கள் சங்கத்தில் நடப்பு அங்கத்தினர் எத்தனை பேர்? சென்ற பொதுச் சபை அறிவிப்பு எத்தனை பேருக்குச் சென்றது? வித்தியாசம் எவ்வளவு?

2. ஒரு சங்கத்தில் நெசவுப் பட்டியலில் 180 பேரும், விவசாயப் பட்டியலில் 145 பேரும் உள்ளனர். இரண்டு பட்டியலிலும் உள்ளோர் 30 பேர். மொத்த அங்கத்தினர் 310 பேர். விடுபட்டோர் எத்தனை பேர்?

3. “காலமானவர் அல்லாதவர்” என்று விதி எழுதுவதற்கும், “நடப்பு என்று உள்ளவர்” என்று விதி எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு யாது? நிலை என்னும் பத்தி வெற்றிடமாக உள்ளவரை நினைவிற் கொண்டு விடை கூறுக.

4. உங்கள் சங்கத்தில் கைப்பேசி இல்லாத அங்கத்தினர் யாவர்? அவர்களுக்கு அடுத்த அறிவிப்பைத் தெரிவிக்கும் பொறுப்பு யாருடையது? அவர் பெயரை எழுதுக.

நான்காவது வினாவுக்கு உரிய விடையைப் படிப்பு வட்டத்தின் குறிப்பேட்டில் எழுதியதோடு நில்லாமல், அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தின் முன் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.